ஒரு நூல் மட்டும் ஆடுகிறது

தஸ்மியாவுக்கு வாய் ஓயாது. ஆறாம் வகுப்பில் அவளை யார் பக்கத்தில் உட்கார வைத்தாலும் அந்தப் பிள்ளையின் மதிப்பெண் இறங்கியது. கடைசியில் சுவரோரமாகத் தனியே உட்கார வைத்துப் பார்த்தார்கள். அவள் சுவரோடு பேசினாள். சுவருக்கு மதிப்பெண் கிடையாது என்பதால் அதோடு விட்டுவிட்டார்கள்.

அந்த ஆண்டுதான் டார்லின் வந்து சேர்ந்தாள். மாஞ்சோலை தேயிலைத் தோட்டம் மூடப்பட்டபோது மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. இப்போது கல்லிடைக்குறிச்சியில் ஒற்றை அறை வாடகை வீடு. டார்லின் பேசவே மாட்டாள். "ம்" என்பாள். அதையும் யோசித்துத்தான் சொல்வாள்.

அறிவியல் ஆசிரியர் ஜெபசீலன் சார் இருவரையும் ஒரே பெஞ்சில் போட்டார். ஒருத்தி அளவுக்கு மீறிப் பேசுகிறாள், இன்னொருத்தி பேசுவதே இல்லை. சேர்த்து வைத்தால் சராசரி சரியாக வரும் என்பது அவர் கணக்கு.

அதற்கு முன்னால் தஸ்மியாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஓர் உத்தரவும் போட்டார்.

"மாஞ்சோலைப் பேச்ச மட்டும் அவகிட்ட எடுக்காத, என்ன? இப்பதான் அழுகைய நிறுத்தியிருக்கு அந்தப் புள்ள. பைய மறந்துட்டு வருது."

தஸ்மியா தன் வாழ்நாளில் பேசாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான். லேசான காரியமில்லை. மலையில் அட்டை கடிக்குமா, யானை வாசலுக்கு வருமா, தேயிலையைப் பச்சையாகத் தின்றால் டீ மாதிரி இருக்குமா என்று கேள்விகள் தொண்டை வரை வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளினாள். இப்படிக் குடித்துக் குடித்து, பாடவேளைக்கு ஒரு தடவை வெளியே போக அனுமதி கேட்க வேண்டியதாயிற்று.

டார்லினை எல்லோருக்கும் பிடித்துப்போனது. வந்த புதிதில் சில நாள் அழுதாள். அப்புறம் சட்டென்று நின்றுவிட்டது. எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டாள் என்று ஆசிரியர்கள் வியந்தார்கள். பென்சில் தொலைந்தால் இரண்டு நாள் அழுகிற இசக்கிராஜாவுக்கு அவளை உதாரணம் காட்டினார்கள். இசக்கிராஜா அதற்கும் அழுதான்.

பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் தெரிகிற ஒரு சங்கதி இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாஞ்சோலைக்குப் போகிற பஸ் பள்ளிச் சுவரை ஒட்டித்தான் போகும். திருப்பத்தில் ஆரன் அடிக்கும். பஸ்ஸுக்குள் முன்போல் கூட்டம் இல்லை. பாதிக்கு மேல் காலி இருக்கைகள்தான் மலையேறிப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் கேட்டதும் பெஞ்சுக்கு அடியில் டார்லினின் கால்கள் இரண்டு மூன்று தரம் ஆடும். நின்றுவிடும். பிறகு அவள் விரல்கள் சட்டையின் கீழ் ஓரத்தைப் பிடித்து முறுக்க ஆரம்பிக்கும். முறுக்கி முறுக்கி அங்கே தையல் பிரிந்து நூல் தொங்கியது.

தஸ்மியா அதைப் பார்த்தாள். தனக்கு நகம் கடிக்கிற பழக்கம் மாதிரி அவளுக்கு இது என்று நினைத்துக்கொண்டாள்.

கார்த்திகை மாதம் அறிவியல் கண்காட்சி வந்தது.

வருடா வருடம் பதினைந்து எரிமலைகளும் ஒரு காற்றாலையும் வைக்கிற பள்ளி அது. பள்ளியின் கௌரவத்துக்காக ஓர் அணியாவது யாரும் செய்யாததைச் செய்ய வேண்டும் என்று ஜெபசீலன் சார் முடிவெடுத்தார். சூரியனின் காந்த வளையங்களில் ஏற்படும் அலைவுகள். தலைப்பைப் பலகையில் எழுதியதும் வகுப்பில் எல்லோரும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்கள். தஸ்மியா பேசிக்கொண்டிருந்ததால் குனிய மறந்துவிட்டாள். தலைப்பு அவளுக்கும் டார்லினுக்கும் போனது.

சார் விளக்கினார். சூரியனைச் சுற்றி மெல்லிய ஒளிமகுடம் ஒன்று உண்டு. அதற்கு வழக்கமான பெயர் கொரோனா. அதைச் சொன்னால் நோய் என்று நினைத்துப் பாதிப் பெற்றோர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவார்கள் என்பதால் ஒளிமகுடம் என்றே சொல்ல வேண்டும். அதில் வில்லைப் போல வளைந்த காந்த வளையங்கள் எழுந்து நிற்கின்றன. இரண்டு கால்களும் சூரியனுக்குள் புதைந்திருக்கும். பெரிய வளையம் என்றால், நம் பூமியைப் போலப் பல பூமிகளை அதற்கடியில் வரிசையாக வைக்கலாம். பக்கத்தில் ஏதாவது வெடித்தால் வளையம் இப்படியும் அப்படியுமாக ஆடும். ஆனால் வெகுசீக்கிரம் நின்றுவிடும். ஏன் அவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்று விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

அதற்கான பதிலையும் சார் சொல்லி, இருவரையும் மனப்பாடம் செய்யச் சொன்னார். தஸ்மியா புரியவில்லை என்றாள்.

"புரியணும்னு அவசியமில்லட்டி," என்றார் சார். "திக்காமச் சொல்லணும். அவ்வளவுதான்."

மாதிரி தஸ்மியாவின் வீட்டில் தயாரானது. தெர்மாகோலுக்கு ஆரஞ்சு வண்ணம் பூசி, அதுதான் சூரியன் என்று முடிவானது. வளையத்துக்கு அண்ணன் அனஸின் சைக்கிளிலிருந்து பிரேக் கம்பியைக் கழற்றினாள். அனஸ் அந்த வாரம் முழுவதும் காலைத் தரையில் தேய்த்து சைக்கிளை நிறுத்தினான். ஏனென்று அவனுக்குத் தெரியாது.

வளைத்த கம்பியின் ஓரமாகக் கம்பளி நூல்களைக் கட்டித் தொங்கவிட்டு, நுனியில் சின்னச் சின்ன நட்டுகளை மாட்டச் சொல்லியிருந்தார் சார். நூல்கள் வெவ்வேறு நீளத்தில் இருக்க வேண்டும். டார்லின் பொறுமையாகக் கட்டினாள். கட்டி முடித்ததும் தஸ்மியா வளையத்தை விரலால் தள்ளினாள். அது ஆடியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. ஆனால் நூல்களில் ஒன்று மட்டும், தொடாமலே ஆட ஆரம்பித்திருந்தது. வளையம் அசையாமல் நின்றது. நூல் ஆடிக்கொண்டே இருந்தது.

இன்னொரு தரம் தள்ளினாள். மறுபடியும் அதே நூல்.

"இந்த ஒண்ணு மட்டும் அடங்க மாட்டேங்கு," என்று கத்தரிக்கோலை எடுத்தாள் தஸ்மியா. "வளையம் நின்னுட்டுன்னு நான் சொல்லும்போது இது ஆடிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? வெட்டிருவமா?"

டார்லின் அந்த நூலைக் கையால் மறைத்தாள்.

"இருக்கட்டும்," என்றாள்.

'ம்' அல்லாத ஒரு சொல்லை அவளிடமிருந்து கேட்டதே ஆச்சரியமாக இருந்ததால் தஸ்மியா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் டார்லினின் அம்மா சாரம்மாள் பள்ளிக்கு வந்தார். வராந்தாவில் நின்று ஜெபசீலன் சாரிடம் பேசினார். தண்ணீர் விவகாரமாக வெளியே வந்திருந்த தஸ்மியாவின் காதில் அது விழுந்தது. டார்லினின் அப்பா ஏற்கெனவே திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். பொங்கல் கழிந்ததும் சாரம்மாளும் போகிறார். டார்லினைப் பாளையங்கோட்டையில் ஒரு விடுதியில் விடப்போகிறார்கள்.

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா சார்," என்றார் சாரம்மாள். "எங்க விட்டாலும் இருந்துக்கிடுவா. இங்கன வந்து எப்படி இருந்துக்கிட்டா பாருங்க. அடிக்கடி காச்சல் வருது, அதான் ஒண்ணு."

நல்ல பிள்ளை என்றார் சார்.

தஸ்மியா ஓடிப்போய் டார்லினிடம் கேட்டாள். ஆஸ்டலுக்குப் போக அவளுக்குச் சம்மதமா?

"ம்," என்றாள் டார்லின்.

அன்று தஸ்மியா எவ்வளவு தண்ணீர் குடித்தும் ஒன்று உள்ளே இறங்கவில்லை. சம்மதம் என்றால் சரிதான். ஆனால் டார்லின் எல்லாவற்றுக்கும் அதே 'ம்'தான் சொல்கிறாள். சாப்பிட்டியா என்றால் ம். பென்சில் வேணுமா என்றால் ம். தனியாக ஓர் ஊரில் போய் இருக்கச் சம்மதமா என்றால் அதற்கும் ம். எந்த 'ம்' நிஜம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்காட்சியன்று விடியற்காலையிலிருந்து மழை. மலைப்பக்கம் பார்த்தால் மலையே இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று வானத்துக்கும் வயலுக்கும் நடுவே நின்றது. சூரியன் அந்த வாரம் ஒருநாளும் வரவில்லை. தன்னைப் பற்றிய கண்காட்சிக்குக்கூட வரவில்லை. மின்சாரமும் போய்விட்டது. கூடத்தில் ஒழுகின இடங்களிலெல்லாம் வாளி வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் குடையோடு வந்து, ஒரு வாளியை நீரியல் மாதிரி என்று நினைத்துக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

அவர் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார். இதனால் என்ன பயன்?

இசக்கிராஜாவின் எரிமலை நன்றாகப் பொங்கியது. இதனால் என்ன பயன் என்று கேட்டதற்கு, முதல் பரிசு கிடைக்கும் சார் என்றான் அவன். விருந்தினருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

அடுத்து தஸ்மியாவின் மேசை. டார்லின் வளையத்தைத் தள்ள வேண்டும். தஸ்மியா பேச வேண்டும். வாசலருகே, கூட்டத்தின் பின்னால், நனைந்த சேலையோடு சாரம்மாள் வந்து நின்றார். ஜன்னலுக்கு வெளியே ஜெபசீலன் சார் உதடுகளைத் தயாராக வைத்திருந்தார்.

டார்லின் தள்ளினாள். தஸ்மியா ஆரம்பித்தாள்.

"சூரியனின் ஒளிமகுடத்தில் காந்த வளையங்கள் உள்ளன. அருகில் வெடிப்பு நிகழும்போது அவை இரு பக்கமும் ஆடுகின்றன. ஆனால் வெகு விரைவில் நின்றுவிடுகின்றன. அந்த ஆட்டம் அழிந்துவிடுவதில்லை. அது வளையத்தின் ஓரத்துக்குள்..."

வெளியே திருப்பத்தில் ஆரன் கேட்டது. மாஞ்சோலை பஸ்.

மேசைக்கு அடியில் டார்லினின் கால் ஆடியது. நின்றது. வளையத்தைத் தள்ளிய கை கீழே இறங்கி, சட்டை ஓரத்தைப் பிடித்தது. முறுக்கியது.

தஸ்மியா அந்தக் கையைப் பார்த்தாள். மேசைமேல் நின்றுபோன வளையத்தைப் பார்த்தாள். ஒரு நூல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

தஸ்மியாவின் வாய் நின்றுவிட்டது. அந்தப் பள்ளியில் யாரும் அதற்குமுன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பக்கத்து எரிமலைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓரத்துக்குள் இறங்கி," என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் காற்றாக வந்தது. "முறுக்கமாக... முறுக்கமாகத் தொடர்கிறது..."

"மறந்துட்டியாம்மா?" என்றார் விருந்தினர்.

"இல்ல சார்," என்றாள் தஸ்மியா. "இப்பதான் புரிஞ்சுது."

விருந்தினர் தலையை ஆட்டினார். சரி, இதனால் என்ன பயன் என்று தன் கேள்வியைக் கேட்டார்.

தஸ்மியா அவரைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"வளையம் ஆடலங்கறதுக்காக அது சும்மா இருக்குன்னு நெனச்சிரக் கூடாது. அந்த ஆட்டம் ஓரத்துக்குள்ள போயிருக்கும். அங்கன முறுக்கிக்கிட்டே இருக்கும். தூரத்துல நின்னு பாக்கவங்களுக்குத் தெரியாது. கடைசில அது சூடா மாறும்."

சாரம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசையருகே வந்தார். ஒன்றும் கேட்காமல் புறங்கையை டார்லினின் நெற்றியில் வைத்தார். பிறகு அவள் சட்டையின் ஓரத்தைக் கையில் எடுத்து, பிரிந்து தொங்கிய நூலைப் பார்த்தார்.

தஸ்மியா ஜன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். சார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உத்தரவை மீற அதைவிட நல்ல சமயம் வராது.

"டார்லின், பஸ் போவும்போதுல்லாம் ஒனக்கு ஊரு ஞாவகம் வருதா?"

டார்லின் வாயைத் திறந்தாள். எல்லோரும் 'ம்' வரும் என்று காத்திருந்தார்கள்.

"கதவு," என்றாள் டார்லின்.

யாருக்கும் புரியவில்லை.

"எறங்குன அன்னைக்கு நான்தான் கடைசியா வெளிய வந்தேன். அப்பா கதவச் சாத்திட்டு வாட்டின்னாவ. சாத்துனேனா இல்லையான்னு எனக்கு ஞாவகமே இல்ல. தொறந்து கெடந்தா பனி உள்ள வரும். வீட்டுல ஒண்ணும் இல்லதான். ஆனாலும் தொறந்து கெடக்குமே. பஸ்ஸு போவும்போதுல்லாம் கண்டக்டர் மாமாட்டச் சொல்லிப் பாத்துட்டு வரச் சொல்லலாமான்னு நெனப்பேன்." அவள் மூச்சு வாங்கினாள். "ஊருப் பேச்ச யாரும் எடுக்கலையா, அதான் நானும் எடுக்கல."

சாரம்மாள் சட்டை ஓரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நீ சாத்தலட்டி," என்றார் சாரம்மாள் மெதுவாக. "பஸ்ஸுல ஏறப்போற நேரத்துல நான் திரும்பிப் போனேன்லா? தொறந்துதான் கெடந்துச்சு. நானும் சாத்தல. சாத்துனா எல்லாம் முடிஞ்சு போவும்னு இருந்துச்சு. அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

இதைச் சொல்லும்போது சாரம்மாளின் இரண்டு கைகளும் சேலைத் தலைப்பின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தன. தஸ்மியா கவனித்தாள். அந்த ஓரமும் பிரிந்துதான் இருந்தது.

டார்லின் அழுதாள். சாரம்மாளும் அழுதார். விருந்தினர் என்ன செய்வதென்று தெரியாமல் தன் குடையை விரித்தார்.

முதல் பரிசு எரிமலைக்குப் போனது. இசக்கிராஜா மகிழ்ச்சியில் அழுதான். ஜெபசீலன் சார் மேசைக்கு வந்து வளையத்தை ஒரு தரம் தள்ளினார். அது நின்ற பிறகும் ஆடிக்கொண்டிருந்த நூலை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தப் போனார். பிறகு கையை இழுத்துக்கொண்டார். அது பாட்டுக்கு ஆடட்டும் என்று விட்டுவிட்டுப் போனார்.

மலையிலிருந்து இறங்கும் பஸ் சாயங்காலம் வரும். கண்டக்டரிடம் கேட்டுவிடலாமே என்பது தஸ்மியாவின் யோசனை. நினைத்துக்கொண்டே இருப்பதற்குக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. மூவரும் நிறுத்தத்தில், ஒரு குடைக்கும் அரைக் குடைக்கும் அடியில் நின்றார்கள். அந்த அரைக் குடை தஸ்மியாவினுடையது. மீதி அரை காற்றில் போயிருந்தது.

நிற்கும்போதே சாரம்மாள் மழையைப் பார்த்தபடி சொன்னார்.

"ஆஸ்டல் வேண்டாம். முழுப் பரிச்ச முடியட்டும். பெறவு திருப்பூருக்கு ரெண்டு பேருமா போவோம்."

"ம்," என்றாள் டார்லின். இந்த 'ம்' நிஜமானது. அவள் விரல்கள் சும்மா இருந்தன.

தஸ்மியாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் திருப்பூர் எவ்வளவு தூரம் என்பது ஞாபகம் வந்தது. பாளையங்கோட்டை என்றால் ஒரே பஸ்ஸில் போய்ப் பார்த்திருக்கலாம். அவள் அரைக் குடையை டார்லின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

பஸ் வந்தது. உள்ளே நாலைந்து பேர். கண்டக்டர் படியில் நின்றபடியே குனிந்து பார்த்தார்.

"யாரு, சாரம்மா மவளா? வளந்துட்டியேட்டி. எங்க போணும்?"

எங்கும் போக வேண்டாம் என்று சொல்லி, டார்லின் கதவு விஷயத்தைச் சொன்னாள். எந்த வரிசை, எத்தனையாவது வீடு, முன்னால் என்ன செடி என்பதெல்லாம் சொன்னாள். பின்னால் நின்ற லாரிக்காரர் ஆரன் அடித்தார். கண்டக்டர் அவசரப்படவில்லை.

"சாத்திரவா, அப்படியே கெடக்கட்டுமா?" என்று கேட்டார்.

டார்லின் அம்மாவைப் பார்த்தாள். சாரம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையை அசைத்தார்.

"சாத்திருங்க மாமா," என்றாள் டார்லின். "பனி உள்ள போவும்."

"நாளைக்குச் சாத்திருதேன். சாத்திட்டேன்னா, எறங்கி வரும்போது ஒன் பள்ளிக்கூடத்துப் பக்கம் ரெண்டு ஆரன் அடிக்கச் சொல்லுதேன். என்ன?"

மறுநாளும் மழை விடவில்லை. கடைசிப் பாடவேளை அறிவியல். ஜெபசீலன் சார் பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தபோது திருப்பத்தில் பஸ் சத்தம் கேட்டது.

ஓர் ஆரன். இடைவெளி. இன்னொரு ஆரன்.

பெஞ்சுக்கு அடியில் டார்லினின் கால்கள் ஆடின. அவை நிற்கவில்லை. ஆடிக்கொண்டே இருந்தன. சட்டையின் ஓரம் ஊசிநூலால் புதிதாகத் தைத்திருந்தது. அதை யாரும் தொடவில்லை.

பிறகு டார்லின் பேச ஆரம்பித்தாள். அட்டை கடித்தால் உப்பு வைக்க வேண்டும். யானை வாசலுக்கு வரும், ஆனால் கதவைத் தட்டாது. பச்சைத் தேயிலை கசக்கும். மூடுபனி வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது கேட்கும், ஆள் தெரியாது. கீழே வந்த பிறகு அவளுக்கு நேர்மாறாக இருந்தது. ஆள் தெரிந்தது, யாரும் பேசவில்லை.

ஜெபசீலன் சார் திரும்பாமலே, பழக்க தோஷத்தில், "தஸ்மியா, பேச்ச நிறுத்துட்டி," என்றார்.

பேச்சு நிற்கவில்லை. சார் திரும்பினார். தஸ்மியாவின் வாய் இறுக மூடியிருந்தது. டார்லினின் வாய்தான் ஓடிக்கொண்டிருந்தது. சார் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கணக்கு சரியாகத்தான் வந்திருந்தது.

அவர் மறுபடியும் பலகைப் பக்கம் திரும்பி, மணி அடிக்கும் வரை மிக மெதுவாக எழுதிக்கொண்டிருந்தார்.